லீடில் இருக்கும்போது யாரை வெளியே எடுப்பது?

கரியமாணிக்கத்தில் வெயில் தாழ்ந்ததும் பந்தோடு திடலுக்கு வரும் தம்பிகளுக்கும், ஆட்டம் முடிந்ததும் டீக்கடையில் உட்கார்ந்து தீர்ப்பு எழுதும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பற்றி ஊரே பேசித் தீர்த்துவிட்டது. ஒரு கோல் லீடில் இருந்தோம். கொஞ்ச நேரமே பாக்கி இருக்கையில் கோச் நம் ஃபார்வர்டை வெளியே கூப்பிட்டு ஒரு ஸ்டாப்பரை உள்ளே அனுப்பினார். அப்புறம் கோல் வாங்கினோம், பெனால்ட்டியில் தோற்றோம். அன்று ராத்திரி முதல் அவருக்கு ‘பயந்தாங்கொள்ளி’ என்று பட்டம். வெளியே வந்த பையனோ அவமானப்பட்டவன்போல் திடல் பக்கமே தலைகாட்டவில்லை.

கோச்சுக்கு வக்காலத்து வாங்க இந்த மடலை எழுதவில்லை. அவர் செய்ததில் பாதி சரி, பாதி பிசகு. நீங்கள் திட்டிக்கொண்டிருப்பது அந்தச் சரியான பாதியை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஒரு கோல் முன்னே போனதும் ஆட்டத்தின் கணக்கே மாறிவிடுகிறது. 1-0 என்று தோற்பதும் 2-0 என்று தோற்பதும் எதிரணிக்கு ஒன்றுதான். ஆகவே அவர்கள் துணிந்து பேக்குகளையும் மேலே ஏற்றுவார்கள், பந்தை உயரத் தூக்கிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டே இருப்பார்கள். நமக்கு இரண்டாவது கோல் கிடைத்தால் சந்தோஷம், கிடைக்காவிட்டாலும் கப் கைக்கு வரும். வாங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான். ஆக, பந்து அவர்கள் காலில், ஓட்டம் நம் காலில். பந்தைத் துரத்தி ஓடுவது எப்படி ஆளை உருக்கும் என்று ஏப்ரல் வெயிலில் அந்தத் திடலில் ஓடியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓய்ந்த கால் அரை நொடி பிந்தி வரும். பந்தை எடுக்க நீட்டிய கால் ஆளின் கணுக்காலில் படும். பெட்டிக்கு வெளியே ஃப்ரீ கிக், அதிலிருந்து ஒரு தலைமுட்டு, கோல். “ஏண்டா அங்கே போய் ஃபவுல் பண்ணினே?” என்று அவனைப் பிடித்து உலுக்குகிறோம். பத்து நிமிடம் முன்பே அவனை உட்கார வைத்திருந்தால் அந்தக் கேள்விக்கே வேலை இருந்திருக்காது.

லீடில் இருக்கும் அணி ஆள் மாற்றுவதற்கு முதல் காரணம் இதுதான். வீரம், கோழைத்தனம் என்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகு வருவது. இன்னொரு சின்ன லாபமும் உண்டு. எதிரணி அலை அலையாக வந்துகொண்டிருக்கும்போது ஆட்டம் அரை நிமிடம் நின்றால் அவர்களின் வேகம் ஆறும், நம் பையன்கள் மூச்சு வாங்குவார்கள், உள்ளே போகிறவன் வழியாகக் கோச் நாலு வார்த்தை சொல்லி அனுப்பலாம். ரெஃப்ரி அந்த அரை நிமிடத்தைக் கடைசியில் சேர்த்துவிடுவார். ஆறிப்போன சூட்டை யாராலும் சேர்க்க முடியாது. முன்பெல்லாம் வெளியே வரும் ஆட்டக்காரர் மறுகோடியிலிருந்து, கைதட்டிக்கொண்டு, காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்வலம்போல நடந்து வருவார். 2019இல் விதியை மாற்றிவிட்டார்கள். எந்த எல்லைக்கோடு பக்கமோ அதன் வழியாகவே வெளியேற வேண்டும். நம்மூர் ஆட்டங்களில் இது இன்னும் எட்டிப்பார்க்கவில்லை என்பது வேறு கதை.

“ஃபார்வர்டை ஏன் எடுத்தார்?” என்று நீங்கள் கேட்பது கால்பந்தில் சப் என்ற ஏற்பாட்டோடு கூடவே பிறந்த கேள்வி. இங்கிலாந்து லீக்கில் 1965இல்தான் முதன்முதலாக மாற்று ஆட்டக்காரரை அனுமதித்தார்கள், அதுவும் அடிபட்டவருக்குப் பதிலாக மட்டும். இரண்டு சீசன் கழித்து எந்தக் காரணத்துக்கும் மாற்றலாம் என்றார்கள். உலகக் கோப்பைக்கு அது வந்தது 1970இல், மெக்ஸிகோவில். வந்த முதல் உலகக் கோப்பையிலேயே அந்த விதி ஒரு பெரிய அணியைக் கவிழ்த்தது என்று இன்றுவரை பேச்சு.

ஜூன் 14, லியோன் நகரம். நடுப்பகல் 12 மணிக்கு ஆட்டம். நடப்புச் சாம்பியன் இங்கிலாந்து காலிறுதியில் மேற்கு ஜெர்மனியை எதிர்த்து 2-0 என்று முன்னே நின்றது. 68ஆம் நிமிடம் பெக்கன்பவர் ஒரு கோலைத் திருப்பினார். அடுத்த சில நிமிடத்தில் இங்கிலாந்தின் மேலாளர் ஆல்ஃப் ராம்சே, நடுக்களத் தூண் பாபி சார்ல்டனை எடுத்துவிட்டு காலின் பெல்லை அனுப்பினார். சார்ல்டனுக்கு 32 வயது, கடும் வெயில், மூன்று நாளில் அரையிறுதி. பிறகு மார்ட்டின் பீட்டர்ஸை எடுத்துத் தடுப்பாட்டக்காரர் நார்மன் ஹண்டரை அனுப்பினார். ஊவே ஸீலர் சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் கெர்ட் முல்லர் முடித்துவைத்தார். 3-2. சார்ல்டன் இங்கிலாந்துக்காக அதற்குப் பின் ஆடவே இல்லை.

“சார்ல்டனை எடுத்ததால் பெக்கன்பவருக்குக் கட்டவிழ்ந்தது” என்று அரை நூற்றாண்டாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பெக்கன்பவர் கோல் அடித்தபோது சார்ல்டன் உள்ளேதான் இருந்தார் என்பதைப் பலர் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். எனக்கு அந்த ஆட்டத்தில் முக்கியமாகப் படுவது வேறோர் ஆள், யுர்கன் கிரபோவ்ஸ்கி. ஜெர்மனியின் மேலாளர் ஹெல்முட் ஷோன் இரண்டாம் பாதியில் வலது விங்கில் இறக்கிவிட்ட புதிய கால். அவரைத் தடுக்க வேண்டியவர் இங்கிலாந்தின் இடது பேக் டெர்ரி கூப்பர். அந்த வெயிலில் மேலும் கீழுமாக ஓடி ஓய்ந்துபோனவர். ஆட்டம் அந்த ஓரமாகத்தான் கிழிந்துகொண்டிருந்தது. ராம்சே கையில் இருந்தவை இரண்டே சப். இரண்டையும் நடுக்களத்துக்குச் செலவழித்தார், கூப்பர் கடைசிவரை ஓடினார். பாகூர் ஏரிக் கரையில் ஓரிடத்தில் கசிகிறது என்றால் அந்த இடத்தில் மூட்டை அடுக்குவார்களா, கண்ட இடத்தில் மண் கொட்டுவார்களா?

சப் செய்தது தப்பில்லை. ஓய்ந்த ஆள் ஓரிடத்தில், மாற்றம் வேறிடத்தில். அங்கேதான் பிசகு.

அர்ஜென்டினா ரசிகர்கள் அடுத்ததைப் பல்லைக் கடித்துக்கொண்டு படிக்கவும். 2006 ஜூன் 30, பெர்லின், ஜெர்மனியுடன் உலகக் கோப்பைக் காலிறுதி. நமக்கு இரவு எட்டரை மணி ஆட்டம். 49ஆம் நிமிடம் ஸ்டாப்பர் ராபர்டோ அயாலா தலையால் முட்டி 1-0. பந்து முழுக்க அர்ஜென்டினா காலில். 71ஆம் நிமிடம் கோலி அபோன்டன்சியரி, குளோஸேயோடு மோதிய அடி தாளாமல் வெளியேறினார். ஒரு சப் போயிற்று. அடுத்த நிமிடமே மேலாளர் ஹோஸே பெக்கர்மேன், ஆட்டத்தையே நடத்திக்கொண்டிருந்த ரிக்கெல்மேவை எடுத்து, தடுப்பாடும் கேம்பியாசோவை அனுப்பினார். அதற்குப் பிறகு கிரெஸ்போவுக்குப் பதில் ஹூலியோ குரூஸ். மூன்றும் தீர்ந்தது. அன்று மூன்றுதான் கணக்கு. 80ஆம் நிமிடம் பல்லாக் தூக்கிய பந்தை போரோவ்ஸ்கி தலையால் தட்டிவிட, குளோஸே கோலுக்குள் முட்டினார். அந்த போரோவ்ஸ்கி கொஞ்சம் முன்புதான் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர். பெனால்ட்டியில் அயாலாவும் கேம்பியாசோவும் அடித்ததை லேமன் தடுத்தார். பெக்கர்மேன் பதவி விலகினார். அந்த வாரம்தான் 19 வயது நிறைந்திருந்த மெஸ்ஸி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

ரிக்கெல்மே ஓடித் தடுக்கிற ஆள் இல்லை, லீடைக் காக்க அவர் எதற்கு என்று தோன்றலாம். ஆனால் பந்து அவர் காலில் இருந்தவரை ஜெர்மனிக்குப் பந்தே கிடைக்கவில்லை. பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரிந்தவனும் ஒரு பேக்தான். நம் கோச் இந்த வரியை மட்டும் இரண்டு தரம் படித்தால் போதும்.

அன்று அர்ஜென்டினா அணியில் இருந்த இன்னொருவர் லியோனல் ஸ்கலோனி. பாப்லோ அய்மாரும் இருந்தார். 16 வருடம் கழித்து கத்தார் உலகக் கோப்பையில் மேலாளர் ஸ்கலோனி, உதவியாளர்கள் அய்மாரும், பெர்லினில் அந்த ஒற்றைக் கோலை அடித்த அயாலாவும். சூடு கண்ட பூனைகள் மூன்று ஒரே பெஞ்சில். அப்படியும் என்ன நடந்தது?

நெதர்லாந்துடன் காலிறுதியில் 2-0 லீட். 78ஆம் நிமிடம் ஸ்டாப்பர் ரொமேரோவுக்குப் பதில் பெஸெல்லா, இடது பேக் அக்கூன்யாவுக்குப் பதில் டாக்லியஃபிகோ. இடத்துக்கு இடம் புதிய கால், கணக்குப்படி பிழையே இல்லை. அதே 78ஆம் நிமிடம் எதிர்ப் பெஞ்சிலிருந்து வேக்ஹோர்ஸ்ட் என்ற நெட்டையர் உள்ளே வந்தார். 83இல் ஒரு கோல். 90 நிமிடத்துக்கு மேல் ரெஃப்ரி சேர்த்த நேரத்தின் கடைசியில் பெஸெல்லா அவரை ஃபவுல் செய்ய, அந்த ஃப்ரீ கிக்கை டச்சுக்காரர்கள் தந்திரமாகத் தரையோடு உருட்ட, அவரே இரண்டாவதையும் அடித்தார். புதிய காலை இறக்கினாலும் புதிய கால்தான் எதிரே வரும். அர்ஜென்டினா பெனால்ட்டியில் தப்பியது.

2022 டிசம்பர் 18 இறுதியாட்டத்தை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரான்ஸில் சொந்தக்காரர் இல்லாத தெரு புதுச்சேரியில் குறைவு. சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தினர்) வீட்டுப் பிள்ளைகள் நீலச் சட்டையும் மற்றவர்கள் மெஸ்ஸி சட்டையுமாகப் பிரிந்து நின்ற ராத்திரி அது. அர்ஜென்டினா 2-0. முதல் கோலுக்கான பெனால்ட்டியை வாங்கிக் கொடுத்ததும் இரண்டாவதை அடித்ததும் இடது ஓரம் ஆடிய டி மரியா. 64ஆம் நிமிடம் ஸ்கலோனி அவரை எடுத்து அக்கூன்யாவை அனுப்பினார். 80, 81 என்று அடுத்தடுத்து பிரான்ஸின் எம்பாப்பே. “டி மரியாவை எடுத்தான், போச்சு” என்று அன்று கத்தியவர்களில் உங்களில் பாதிப்பேர் இருப்பீர்கள்.

டி மரியா அந்தப் போட்டித்தொடரில் தொடைக் காயத்தோடு இருந்தவர். அரையிறுதியில் அவர் ஆடவே இல்லை, காலிறுதியில் கடைசிச் சில நிமிடம்தான் ஆடினார். அவரை வைத்து 90 நிமிடம் ஓட்ட முடியாது என்று தெரிந்துதான் இறக்கியிருப்பார்கள் என்பது என் கணிப்பு. ஆகவே அவர் வெளியே வந்தது தவிர்க்க முடியாதது. சிக்கல் அதற்குப் பிறகு. பிரான்ஸின் மேலாளர் தெஷாம் 41ஆம் நிமிடத்திலேயே இருவரை மாற்றினார், 71இல் இன்னும் இருவரை. பெனால்ட்டி வாங்கியது 41இல் வந்த கோலோ முவானி. மெஸ்ஸியிடமிருந்து பந்தைப் பிடுங்கி இரண்டாவது கோலைத் தொடங்கியது 71இல் வந்த கோமன். கடைசியாக எம்பாப்பேவுக்குப் பந்தைத் தட்டிக் கொடுத்தவர் துராம், அவரும் 41இல் வந்தவர். அந்தப் பக்கம் நாலு புதிய ஆள் இறங்கியிருக்க, 90 நிமிடம் முடியும்வரை ஸ்கலோனி மாற்றியது ஒரே ஒருவரை. ஐந்து பேரை மாற்றலாம் என்ற விதி வந்த பிறகும்! ஆக, அன்று அவர் சப் செய்தது குற்றமில்லை. சப் செய்யாமல் விட்டதைத்தான் நான் குற்றம் சொல்வேன். நல்லவேளையாக அவருக்குக் கோலியாக ஒரு எமிலியானோ மார்ட்டினெஸ் இருந்தார். நமக்கு இருக்கும் கோலி நல்ல பையன், அவ்வளவே சொல்வேன்.

வெளிநாட்டுக் கதை போதும் என்பீர்கள். 2022 மார்ச் 20, கோவா ஃபதோர்டா, ஐஎஸ்எல் இறுதி. கேரளா பிளாஸ்டர்ஸ் 68ஆம் நிமிடம் ராகுல் கே.பி. அடித்த கோலில் 1-0. 88ஆம் நிமிடம் ஹைதராபாத்தின் சாஹில் தவோரா பெட்டிக்கு வெளியிலிருந்து அந்தரத்திலேயே உதைத்துச் சமன் செய்தார். அவரும் மாற்று ஆளாக வந்தவர். பெனால்ட்டியில் கோலி கட்டிமணி சுவராக நின்று கோப்பையை ஹைதராபாத்துக்குக் கொடுத்தார். (நம் மாஹே பக்கம் யாராவது போனால் இந்த ராத்திரியைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள்.) அதே ஃபதோர்டாவில் 2015 டிசம்பர் 20 அன்று அதே கட்டிமணி கோவா அணியின் கோலி. 87ஆம் நிமிடம் ஜோஃப்ரே அடித்து கோவா 2-1 என்று சென்னையின் எஃப்சியை முந்தியது. 90இல் கட்டிமணி கையில் பட்டுப் பந்து சொந்தக் கோலுக்குள் போனது, 92இல் மெண்டோசா. வெள்ளத்தால் சொந்த ஊரில் அரையிறுதி ஆட முடியாமல் புனேவுக்குப் போய் ஆடிய சென்னை அணி கோப்பையோடு திரும்பியது. மூன்று நிமிட லீடைக்கூடக் காக்க முடியாமல் போகும். அங்கே சப் செய்யவும் நேரமில்லை, திட்டவும் ஆளில்லை.

நம் தேசிய அணிக்கும் இந்தப் பாடம் உண்டு. 2019 ஜனவரி 14, ஷார்ஜா, ஆசியக் கோப்பை. பஹ்ரைனுடன் டிரா செய்தால் அடுத்த சுற்றுக்கு வழி. 0-0 என்பதையே லீடாக நினைத்துப் பின்வாங்கிக்கொண்டே போனோம். பந்தை வெளியே உதைப்பதும், அது திரும்பி வருவதுமாகவே நேரம் போயிற்று. 90 நிமிடம் தாங்கிவிட்டு, ரெஃப்ரி சேர்த்த நேரத்தில் பெட்டிக்குள் ஒரு ஃபவுல், பெனால்ட்டி, வெளியேற்றம். மேலே பந்தைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லாத அணி எத்தனை பேக் வைத்தாலும் கடைசியில் ஒரு கால் பிசகும்.

பின்வாங்கியே வென்றவர்களும் இல்லாமல் இல்லை. 2010 ஏப்ரல் 28, சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம், பார்சிலோனாவின் மைதானத்தில் மேலாளர் மொரின்யோவின் இன்டர் மிலான். முதல் ஆட்டத்தில் 3-1 லீட். 28ஆம் நிமிடமே ஒருவர் சிவப்பு அட்டையில் போய்விட, பத்துப் பேர். உலகத்தின் பெரிய ஃபார்வர்டுகளில் ஒருவரான எட்டோ அன்று ஓரத்தில் பேக்காக ஓடினார். ஸ்னைடரை, பிறகு மிலிட்டோவை, கடைசியில் எட்டோவையே எடுத்தார் மொரின்யோ. மிலிட்டோவுக்குப் பதில் வந்தவர் கோர்டோபா, ஸ்டாப்பர். 1-0 என்று தோற்றும் இறுதிக்குப் போனார்கள். பெர்லினில் பெனால்ட்டியை விட்ட கேம்பியாசோ அன்று நடுக்களத்தில் மலையாக நின்றார். பத்துப் பேராகிவிட்ட பிறகு மேலே ஒருவரை விட்டுவைக்க மொரின்யோவுக்கு ஆளே இல்லை, ஆகவே கூச்சமே இல்லாமல் பின்னால் அடைத்தார். பதினோரு பேர் இருக்கும்போதே அப்படி அடைப்பது வேறு சங்கதி.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நான் ஓரமாகக் கொடியோடு நின்றதால் பார்த்தது இது. எதிரணி இடைவேளைக்குப் பிறகு இடது ஓரத்தில் ஒரு சின்னப் பையனை இறக்கியது. காற்றாக ஓடினான். நம் வலது பேக்குக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, இரண்டு தடவை உட்கார்ந்து தண்ணீர் தெளித்தான். பந்து முழுக்க அந்த ஓரமாகவே வந்துகொண்டிருந்தது. கோச் நடுவில் ஒரு ஸ்டாப்பரைக் கூட்டினார். கசிந்த இடம் அப்படியே இருந்தது. அதோடு, நம் ஃபார்வர்டின் ஓட்டத்துக்குப் பயந்து எதிரணியின் இரண்டு பேக்குகள் அதுவரை கோட்டைத் தாண்டாமல் நின்றிருந்தார்கள். அவன் வெளியே வந்த மறுநிமிடம் இருவரில் ஒருவன் நம் பெட்டிக்குள் நின்றான். கோல் அடித்தவன் அவன்தான். அது டீக்கடையில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

ஆகவே கோச் ஆள் மாற்றியதைத் திட்டாதீர்கள். அந்த நேரத்தில் மாற்றாமல் இருந்திருந்தால் அதைவிட மோசம். ஓய்ந்தவன் யார் என்று பார்த்து அவனை எடுத்தாரா, எடுக்கிற ஆளால் எதிரணியில் எவனுக்குக் கட்டு அவிழும் என்று யோசித்தாரா என்று கேளுங்கள். அதற்கு அவரிடம் பதில் இருக்க வேண்டும். நம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் மூன்று பேர், அதில் ஒருவன் டியூஷனிலிருந்து நேராக வந்தவன் என்பதையும் கேட்பவர்கள் நினைவில் வையுங்கள். தெஷாமுக்கு இருந்த பெஞ்ச் நம் கோச்சுக்கு இல்லை.

பெரியவர்களுக்குத் தனியாக ஒன்று. வெளியே வரும் பையன் லைனைத் தாண்டும்போது “எதுக்குடா உன்னை எடுத்தான்?” என்று சத்தம் போடாதீர்கள். அது கோச்சைத் தாக்குவதற்கு முன்னால் அந்தப் பையனைத் தாக்குகிறது, அடுத்த தடவை கால் பிடித்துக்கொண்டாலும் கையைத் தூக்கிக் காட்ட மாட்டான்.

தம்பிகளே, அடுத்த ஆட்டம் ஏம்பலத்தில். போகிற வழியில் நம் ஃபார்வர்டின் வீட்டில் வண்டியை நிறுத்தி அவனைக் கூட்டி வாருங்கள். ஆட்டத்துக்கு முன்னால் கோச்சோடு உட்கார்ந்து மூன்று விஷயம் பேசி வையுங்கள். லீடில் இருந்தால் முதலில் மாறப்போவது எந்த ஓரத்து பேக்? மேலே கடைசிவரை நிற்கப்போவது யார்? கோலிக்கு அடிபட்டால் என்று ஒரு சப்பைக் கடைசிப் பத்து நிமிடம்வரை கையில் வைத்திருக்கிறோமா? மூன்றாவதைக் கேட்கும்போது பெக்கர்மேன் பெயரைச் சொல்லுங்கள், கோச்சுக்குப் புரியும். அவரும் அர்ஜென்டினா ரசிகர்தான்.

இப்படிக்கு,
லைன் ஓரத்தில் கொடி பிடிக்கும்
உங்கள் ஊர்க்காரன்